சர்க்கார் வக்கீலும் ஒரு பிறந்த தேதியும்

இருபது வருஷ காலமாக நான் உபாத்தியாயர் வேலை பார்த்து வருகிறேன். அந்த இருபது வருஷத்தில் பிள்ளைகளை நான் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. ஆனால் என்னை நிற்க வைத்து ஒருவர் கேள்வி கேட்டது ஒரே ஒரு தடவைதான். கேட்டவர் திண்டுக்கல்லில் ஒரு சர்க்கார் வக்கீல். கேள்வியும் மிகச் சிறியது. "இந்தத் தேதி உங்களுக்கு எப்படித் தெரியும், ஸார்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நடந்தது சில வருஷங்களுக்கு முன்பு. பையனுடைய பெயரையோ, கிராமத்தையோ, படித்த பள்ளிக்கூடத்தையோ இங்கே நான் சொல்லப் போவதில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். வழக்கில் சிக்கிய சிறுவரை இன்னார் என்று காட்டும் எந்த விவரத்தையும் பத்திரிகையில் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் சொல்லுகிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அவன் என்னிடம் அகரம் எழுதக் கற்றுக் கொண்ட பையன்.

கிணற்றடியில் நடந்தது

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சமவெளியைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்கிழக்கே சிறுமலை; மற்றப் பக்கங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் மேட்டு நிலம். கொடகனாறு வடக்கே வேடசந்தூரைத் தாண்டிப் போய் அமராவதியில் கலக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அந்த ஆற்றில் மணலைத்தான் காணலாம். ஆகையால் இந்தப் பக்கத்துக் குடியானவருக்குக் கிணறும், கிணற்று மோட்டாருமே உயிர். மோட்டாருக்குள் இருக்கும் செப்புக் கம்பியை இரவில் அறுத்துக் கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டால் சில ஆயிரம் ரூபாய் கிடைக்கும். பறி கொடுத்தவனுக்கோ ஒரு வெள்ளாமையே போய்விடும்.

என் பழைய மாணவன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, லாரிப் பட்டறை ஒன்றில் எடுபிடியாக இருந்தான். அங்கே பழக்கமான இரண்டு பெரிய ஆட்களோடு ஜூலை மாதத்தில் ஒரு நாள் இரவு ஒரு தோட்டத்துக்குப் போனான். காவல்காரர் விழித்துக் கொண்டார். அறுபது வயதுக்கு மேற்பட்ட மனிதர். மூவரில் ஒருவன் ஓங்கிய கட்டை அவர் நெற்றியில் பட்டது. ஆறு தையல் போட்டார்கள். இரண்டு நாளில் மூவரும் பிடிபட்டார்கள். மூவரும் பெரியவர்கள் என்றே போலீஸார் கொண்டு வந்து நிறுத்தினார்கள். பையனும் மீசை அரும்பி, வாட்டசாட்டமாகத்தான் இருந்தான்.

அவனுடைய தாயார் மட்டும், "என் மகனுக்கு இன்னும் பதினெட்டு ஆகலைங்க" என்று சொல்லிக் கொண்டே இருந்தாள். அப்படி ஒருவர் சொன்னால் மாஜிஸ்திரேட் அதைத் தட்டி விட முடியாது. விசாரித்துத் தீர்மானம் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதனால் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. பதிவை எழுதியவன் நான் என்பதால், சேர்க்கைப் பதிவேட்டைக் கட்டி எடுத்துக் கொண்டு நானே திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

பதிவேட்டின்படி அவன் பிறந்தது மே மாதம் 15-ஆம் தேதி. சம்பவத்தன்று அவனுக்குப் பதினெட்டு வயது நிரம்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சர்க்கார் வக்கீலுக்கு இதைவிடச் சௌகரியமான சாட்சியம் வேறென்ன வேண்டும்? தேதியைப் படிக்கச் சொல்லிவிட்டு என்னை அனுப்பி விடுவார் என்று எண்ணினேன்.

அவர் பதிவேட்டைக் கையில் வாங்கிப் பக்கத்தைப் புரட்டினார்.

"கையெழுத்து உங்களுடையதுதானே?"

"ஆம், ஐயா."

"இந்தத் தேதி உங்களுக்கு எப்படித் தெரியும், ஸார்?"

"தாயார் சொல்லியிருப்பார்."

"சொல்லியிருப்பாரா? சொன்னாரா?"

நான் பேசாமல் நின்றேன். அவர் மறுபடியும் பக்கத்தைப் பார்த்து, "இந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஒன்பது பிள்ளைகள் மே மாதத்தில் பிறந்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் மற்ற மாதங்களில் குழந்தை பிறப்பது வழக்கமில்லையோ?" என்றார். கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் அம்மாளும் சிரிப்பை அடக்கிக் கொண்டார். எனக்குத்தான் முகம் வேர்த்தது.

உண்மை இதுதான். முதல் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் ஒரு தாய் குழந்தையின் கையைப் பிடித்துக் கொண்டு வருவாள். சான்று ஒன்றும் இராது. "அஞ்சு வயசு ஆச்சுங்க" என்பாள். இரண்டொரு மாதம் குறையும் என்று நமக்குத் தோன்றும். திருப்பி அனுப்பினால் அடுத்த வருஷம் குழந்தை வருமோ, ஆடு மேய்க்கப் போகுமோ? ஆகையால் விதிக்குப் பொருந்த ஒரு தேதியை எழுதி உள்ளே அழைத்துக் கொள்வோம். அதைப் புண்ணியம் என்றே நான் நினைத்திருந்தேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மே மாதத்தில் பிறந்தவர்களின் தொகை மிகுந்து போனதற்கு என்னைப் போன்றவர்களே காரணம்.

சர்க்கார் வக்கீல் தாயாரின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பையன் வீட்டில் பிறந்தானா, ஆஸ்பத்திரியில் பிறந்தானா?"

"பெரியாஸ்பத்திரியிலங்க, ஐயா. பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்சு நாலாம் நாளு."

பிறப்புப் பதிவேட்டை வரவழைத்துப் பார்க்கத் தவணை வேண்டும் என்று அவரே மாஜிஸ்திரேட்டைக் கேட்டுக் கொண்டார். பதிவு கிடைத்தது. குழந்தையின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. தாய், தகப்பன், ஊர் எல்லாம் சரியாக இருந்தன. மாதம் செப்டம்பர். சம்பவத்தன்று பையனுக்குப் பதினேழு வயதும் பத்து மாதமும்தான்.

நாலு மாதத்தின் விலை

வெறும் நாலு மாத வித்தியாசம்தானே என்று வாசகர்கள் கருதக் கூடும். அந்த நாலு மாதத்தின் இரு பக்கத்திலும் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும்.

பதினெட்டு நிரம்பியவனுக்கு லாக்கப்பும் சிறையும் உண்டு. நிரம்பாதவனை எக்காரணம் கொண்டும் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டு வர வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும், சமூக சேவையில் பழகிய இருவரும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். உயர்ந்த மேடை கிடையாது. சாட்சிக் கூண்டு கிடையாது. பையனுக்குக் கைவிலங்கு கிடையாது. ஜாமீனே முறை, மறுப்பது விலக்கு. கெட்ட கூட்டத்தோடு மறுபடி சேர்ந்து விடுவான், அல்லது அவனுக்கே ஆபத்து நேரும், அல்லது விடுவிப்பது நீதியின் நோக்கத்தையே கெடுத்து விடும் என்று கண்டால்தான் மறுக்கலாம். பதினைந்து நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் அவன் வீடு, படிப்பு, சிநேகிதம் எல்லாவற்றையும் விசாரித்து எழுதித் தர வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து அவனை விசாரிக்கக் கூடாது. முடிவில் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்புவது முதல், மூன்று வருஷத்துக்கு மேற்படாமல் சிறப்பு இல்லத்தில் வைப்பது வரையில் பல வழிகள் உண்டு. சாதாரணமாக, அந்தப் பதிவு பிற்காலத்தில் அவன் வேலைக்கோ படிப்புக்கோ தடையாக நிற்கக் கூடாது. உரிய காலம் கழிந்ததும் பதிவையே அழித்து விட வேண்டும்.

இத்தனையும் அந்தப் பையனுக்கு இல்லாமற் போக இருந்தது. காரணம், பதின்மூன்று வருஷத்துக்கு முன் என் பேனா எழுதிய ஒரு தேதி.

டீக்கடையில் ஒரு பாடம்

வழக்கு குழுமத்துக்கு மாற்றப்பட்ட அன்று, கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் அந்தச் சர்க்கார் வக்கீலைச் சந்தித்தேன். என் வயதுதான் இருக்கும். குழுமத்திலும் சர்க்கார் தரப்பில் வழக்கு நடத்துபவர் அவரே.

"ஒரு சந்தேகம், ஸார். குற்றத்தை ருசுப்படுத்துவதுதானே உங்கள் வேலை? நீங்களே பையனுக்கு வழி காட்டி விட்டீர்களே!" என்று கேட்டேன்.

"வழி காட்டவில்லை. எந்தக் கோர்ட்டில் நிற்க வேண்டியவனோ அங்கே கொண்டு போய் நிறுத்தினேன். அங்கேயும் அவனுக்கு எதிரே நிற்கப் போகிறவன் நான்தான்" என்றார்.

பிறகு அவர் சொன்னவற்றில் ஒரு தமிழ் உபாத்தியாயரின் காதுக்கு மிகவும் ருசித்தது, அந்த இடத்தின் பாஷையைப் பற்றியது. சிறுவர் வழக்கில் குற்றம் சாட்டும் தோரணையிலுள்ள சொற்களை வழங்கக் கூடாதென்று சட்டத்தின் மூன்றாம் பிரிவே விதிக்கிறது. 'குற்றவாளி' என்று சொல்லக் கூடாது. 'சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை' என்றுதான் சொல்ல வேண்டும். 'கைது' கிடையாது, 'தண்டனை' கிடையாது. "இருபது வருஷம் பழகிய சொற்களையெல்லாம் வாசலில் செருப்போடு கழற்றி வைத்து விட்டு உள்ளே போக வேண்டும். முதல் மாதம் எனக்கு நாக்குக் குழறியது. பின்னால்தான் விளங்கிற்று. சொல்லை மாற்றினால் கேள்வி மாறுகிறது. 'இவன் செய்தானா?' என்று கேட்பதோடு நிற்க முடிவதில்லை. 'இவன் ஏன் அங்கே இருந்தான்?' என்றும் கேட்க வேண்டியிருக்கிறது" என்றார்.

"அப்படியானால் அடிபட்ட காவல்காரருக்கு யார் இருக்கிறார்கள்?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "நான்தான் இருக்கிறேன். அதை மறந்தால் எனக்கு அந்த நாற்காலியில் உட்கார யோக்கியதை இல்லை. பையன் சின்னவன் என்பதால் கிழவரின் நெற்றிக் காயம் சின்னதாகி விடுமா? அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் குழுமத்தின் முன் முழுக்கச் சொல்ல வேண்டும். பையனின் காதிலும் அது விழ வேண்டும். அவரைக் கூப்பிடாமலே முடித்து விட்டால், பையன் ஒரு பாடமும் படிக்காமல் வீட்டுக்குப் போவான்" என்று சொன்னார்.

பரிவு மட்டும் போதுமா?

குழந்தைக்குப் புத்தி சொல்லும் இடத்தில் சர்க்கார் வக்கீல் எதற்கு, எதிர் வக்கீல் எதற்கு, மாஜிஸ்திரேட்டே தகப்பனைப் போல் பார்த்துக் கொள்ளலாமே என்று ஒரு கேள்வி எழும். இதை அமெரிக்கர் செய்து பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் சிறுவருக்கென்று தனிக் கோர்ட்டு ஏற்பட்டது 1899-ல், சிக்காகோ நகரத்தில். அங்கே விசாரணை வீட்டுப் பேச்சுப் போலவே நடக்கும். சாட்சி, குறுக்கு விசாரணை என்ற சிரமங்கள் குறைவு. நோக்கம் நல்லதுதான். அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து, அரிஜோனா மாகாணத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அண்டை வீட்டம்மாளிடம் டெலிபோனில் ஆபாசமாகப் பேசினான் என்று புகார் வந்தது. புகார் சொன்ன அம்மாள் கோர்ட்டுக்கு வரவேயில்லை. பையனுக்கு வக்கீல் இல்லை. இருபத்தொரு வயது வரையில், அதாவது ஆறு வருஷம், சீர்திருத்தப் பள்ளியில் இருக்கட்டும் என்று ஜட்ஜ் அனுப்பி விட்டார். அதே குற்றத்தைப் பெரியவர் செய்திருந்தால் ஐம்பது டாலர் வரை அபராதம், அல்லது இரண்டு மாதச் சிறை! 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளி, குழந்தைக்கும் வக்கீல் உண்டு, எதிர்ச் சாட்சியைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. முறையில்லாத பரிவு எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்கு இது உதாரணம். சர்க்கார் தரப்பு ருசுப்படுத்த வேண்டும்; எதிர்த் தரப்பு சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பரிவுக்கு இடம்.

நம் தேசத்துப் பழைய கதை

நம் தேசத்தில் இதற்கு முன்னோடியாக நின்றது சென்னை மாகாணமே. 1919-20-ல் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த கமிட்டி, குழந்தைகளைச் சிறைக்கு அனுப்புவது தவறு என்று கூறிற்று. 1920-ல் சென்னை குழந்தைகள் சட்டம் நிறைவேறியது. வங்காளம் 1922-லும், பம்பாய் 1924-லும் தொடர்ந்தன.

ஆனால் சட்டம் ஒன்று, அன்னிய ஆட்சியின் கோபம் வேறொன்று. 1921-ல் காசியில் சத்தியாக்கிரகம் செய்த ஒரு பதினைந்து வயதுப் பையனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். பெயர் கேட்டதற்கு 'ஆஸாத்' என்றான்; 'சுதந்திரன்' என்று அர்த்தம். பதினைந்து பிரம்படி கொடுக்கும்படி உத்தரவாயிற்று. பிற்காலத்தில் சந்திரசேகர ஆஸாத் என்று தேசமெங்கும் பெயர் பெற்றவர் அவர்தான். அடித்த அடி அவரை என்னவாகத் திருத்தியது என்பதைச் சரித்திரம் சொல்லும்! சுதந்திரம் வந்த பிறகு, 1955-ல், சவுக்கடித் தண்டனையையே நம் பார்லிமெண்டு ஒழித்தது.

மாகாணத்துக்கொரு விதமாக இருந்த சட்டங்கள் 1986-ல் ஏறக்குறைய நாடு முழுவதற்கும் ஒன்றாயின. அப்போது ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு பதினாறு, பெண்ணுக்குப் பதினெட்டு. 1992-ல் ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. 2000-ஆம் வருஷத்துச் சட்டம் இருபாலருக்கும் பதினெட்டு என்று வைத்தது.

பிறகு 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமை தேசத்தையே உலுக்கிற்று. அதில் ஈடுபட்டவர்களில் ஒருவன் பதினெட்டுக்குச் சில மாதம் குறைந்தவன். மூன்று வருஷத்தில் வெளியே வந்தான். பொதுமக்களின் கோபத்துக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. அதன் விளைவாக 2015-ஆம் வருஷத்துச் சட்டம், பதினாறு நிரம்பியவர்கள் மிகக் கொடிய குற்றத்தில் சம்பந்தப்பட்டால், அதாவது குறைந்தபட்சமே ஏழு வருஷத் தண்டனையுள்ள குற்றமானால், குழுமம் முன்கூட்டி ஒரு மதிப்பீடு செய்ய வேண்டும் என்று விதித்தது. செய்வதற்கு வேண்டிய மனவலிமையும் உடல்வலிமையும் அவனுக்கு இருந்தனவா, விளைவை அறிந்தானா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்பவற்றை ஆராய்ந்து, பெரியவனாகக் கருதி விசாரிக்க வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். அப்படி விசாரித்தாலும் தூக்குத் தண்டனையோ, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையோ கொடுக்க முடியாது. மனசை அளப்பது லேசான காரியமா? குழுமத்தில் குழந்தை மனோதத்துவம் படித்தவர் இல்லாவிட்டால் நிபுணரின் உதவியைப் பெற வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இருபத்தெட்டு வருஷம்

"இந்த மதிப்பீட்டுக்கெல்லாம் முன்னால் வருவது வயது. அதில் தவறினால் எல்லாம் தவறும்" என்றார் சர்க்கார் வக்கீல். அது எவ்வளவு உண்மை என்பது 2023 மார்ச் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது.

1994-ல் புனா நகரத்தில் ஒரு வீட்டில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொலையுண்டார்கள். ராஜஸ்தானத்திலிருந்து பிழைக்க வந்த ஒருவனுக்கு அதற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட்டும் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. அவன் வயது வந்தவன் என்பதில் அப்போது யாருக்கும் சந்தேகம் எழவில்லை. வெகு காலத்துக்குப் பிறகு, அவன் படித்த கிராமப் பள்ளிக்கூடத்தின் பழைய பதிவு வெளிவந்தது. பெயர் கொஞ்சம் மாறியிருந்தது. விசாரித்து, இருவரும் ஒருவரே என்று கண்டார்கள். அந்தப் பதிவின்படி, சம்பவம் நடந்தபோது அவனுக்குப் பன்னிரண்டரை வயது! தூக்கு நிழலிலும் சிறையிலுமாக இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் கழித்தவனை உடனே விடுவிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறுவன் என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும், வழக்கு முழுக்க முடிந்த பின்னும் எழுப்பலாம் என்று சட்டம் வைத்திருப்பதால்தான் இது சாத்தியமாயிற்று.

ராஜஸ்தானத்தில் எவரோ ஓர் உபாத்தியாயர் எழுதிய வரி ஒரு மனிதனை மீட்டது. திண்டுக்கல் பக்கத்தில் நான் எழுதிய வரி ஒரு பையனைக் கவிழ்க்கப் பார்த்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வயதைத் தீர்மானிப்பதில் பள்ளிக்கூடம் தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குச் சட்டம் முதலிடம் கொடுத்திருக்கிறது. அவை இல்லாவிட்டால் நகரசபை அல்லது பஞ்சாயத்தின் பிறப்புச் சான்று. அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்பைச் சோதித்து வயது பார்ப்பது. ஆனால் எதை எழுதினாலும் செல்லும் என்று அர்த்தமில்லை. மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் மட்டும் போதா என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உத்தரவின் மறுமுனை

சர்க்கார் வக்கீல் இன்னொன்றும் சொன்னார். "பையனை இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நான் கேட்டால், அந்த இல்லம் எப்படி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

இது வெறும் பேச்சல்ல. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டிலுள்ள சர்க்கார் இல்லத்தில், சிறு திருட்டுக்காகக் கொண்டு வரப்பட்ட பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடிபட்டு இறந்து போனான். இல்லத்து ஊழியர்களே கைதானார்கள். அதன் பின், இல்லங்களைச் சீர்படுத்த யோசனை சொல்லும்படி ஓய்வு பெற்ற ஹைகோர்ட்டு நீதிபதி கே. சந்துரு அவர்களைத் தமிழ்நாடு சர்க்கார் நியமித்தது. 2023-ல் அவர் அறிக்கை கொடுத்தார். அதே வருஷம் ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிப் பிள்ளைகளே சாதித் துவேஷத்தால் சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய கோரம் நிகழ்ந்தது. அதைப் பற்றி ஆராயும் பொறுப்பும் அவரிடமே வந்தது. இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது, குழுமத்தின் முன் வந்து நிற்கும் பிள்ளை நேற்று வரை ஏதோ ஒரு வகுப்பில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவன் என்பது நமக்கு உறைக்க வேண்டும். சர்க்கார் வக்கீல் அவனைப் பார்ப்பது கடைசியில்தான். அதற்கு முன் பார்த்தவர்கள் நாம்.

பின்பு நடந்தது

ஒரு வருஷம் கழித்துத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அந்தத் தாயாரைப் பார்த்தேன். ஓட்டமாக வந்தாள்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா? பயலை நன்னடத்தை அலுவலர் பொறுப்புல விட்டுட்டாங்க. மாசத்துக்கு ஒருக்கா போய்ட்டு வர்றான். இப்ப மோட்டாருக்குக் காயில் கட்டுற பட்டறையில வேலை படிக்கிறான்" என்றாள்.

"காவல்காரரைப் போய்ப் பார்த்தானா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை போனானுங்க. மொதத் தடவை அந்தப் பெரியவர் மொகம் கொடுத்துப் பேசலை. ரெண்டாந் தடவை, உக்காருடான்னாராம்."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் எழுதிய தேதியால்தான் அவள் அத்தனை நாள் கோர்ட்டு வாசலில் நின்றாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும் மற்றக் காரியங்களுக்கும் பிறப்புச் சான்றே ஆதாரம் என்று சட்டம் வந்து விட்டது. அவர்கள் பள்ளிக்கூடம் வரும் காலத்தில் என்னைப் போன்றவர்களின் கற்பனைக்கு இடமிராது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகள் இன்னும் வந்து கொண்டிருக்கிறார்கள். சான்று இல்லாமல் எவரேனும் வந்தால் இப்போதெல்லாம் நான் குழந்தையை வகுப்பில் உட்கார வைத்து விடுகிறேன். தேதிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, பிறப்புச் சான்றுக்கு மனு எழுதித் தாயாரின் கையில் கொடுக்கிறேன். சென்ற ஜூன் மாதத்தில் இரண்டு கட்டங்கள் அப்படிக் காலியாக இருந்தன. ஆகஸ்டுக்குள் இரண்டும் நிரம்பின. ஒரு குழந்தை பிறந்தது நவம்பர் மாதம், மற்றொன்று பிப்ரவரி.